மூன்று சக்கரச் சீர்

“பொட்டப்புள்ள படிச்சா டீச்சராகலாம்த்தா. மாமனாக முடியுமா?”

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. கேட்டது என்னைப் பார்த்து. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணிதத்தில் பட்டம் வாங்கி, காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் போனவர்கள் என்று பார்த்தால், அது கட்டப்படும்போது மண் சுமந்த என் அப்பாவும் அம்மாவும்தான். பாடம் படிக்கப் போனவர்களில் நான் முதல். அக்கா ராக்கம்மாள் ஆடு மேய்த்தாள். அவள் மேய்த்த ஆடுகள்தான் என்னைப் படிக்க வைத்தன.

ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து மாத அனுபவமுள்ள ஆசிரியைக்கு உலகமே ஆறாம் வகுப்பாகத் தெரியும். யாராவது இரண்டு பேர் சேர்ந்து நின்றால் போதும், விளக்க ஆரம்பித்துவிடுவேன். (எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்த காரணம் எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கியது.)

அக்காவைக் கோட்டையூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுடைய தலைப்பிள்ளைக்குப் பதினோராம் மாதம் காது குத்து என்று நாள் குறித்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சீரும் தாய்மாமன்தான் கொண்டு போக வேண்டும். நாங்கள் இரண்டும் பெண்கள். அக்காவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. வழக்கப்படி அந்த இடத்துக்கு வர வேண்டியவர் பெரியப்பா மகன் சேது அண்ணன். டிராக்டர் ஓட்டுகிறவர். கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் அப்பாவிடம் சொன்னேன். “சீரு நான் கொண்டு போறேம்ப்பா. புள்ள என் மடியில உக்காரட்டும். அக்கா எனக்குச் செஞ்சதுக்கு நான் செய்ய வேணாமா?”

அதற்குத்தான் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா நேராகக் கோட்டையூருக்குப் போய் அக்காவின் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். அங்கிருந்து வந்த பதில் இது: “சீரு சபை மெச்சுற மாதிரி இருந்தா, யாரு மடியா இருந்தா என்ன? வரட்டும், பாப்போம்.”

அதாவது, நான் கொண்டு போகிற சீரைப் பார்த்துவிட்டு என் மடியை முடிவு செய்வார்கள். எனக்கு இது பரீட்சை மாதிரி இருந்தது. பரீட்சையில் நான் தோற்றதே இல்லை.

வழக்கமான சீர் என்றால் துணிமணி, கடுக்கன், வெள்ளி அரைஞாண், பழத்தட்டு. கூடவே மரத்தில் ஒரு நடைவண்டி. சேது அண்ணன் ஆசாரியிடம் சொல்லி நடைவண்டி ஒன்று செய்தே வைத்திருந்தார். வேப்ப மரம், சிவப்புச் சாயம், மூன்று சக்கரம். அதை நான் பார்த்த பார்வையை இன்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. “இதெல்லாம் எல்லார் வீட்லயும் இருக்கறதுதானேண்ணே” என்று சொன்னேன். அவர் “ஆமாத்தா” என்று சொல்லிச் சாக்கைப் போட்டு அதை மூடிவைத்தார்.

நான் வாங்க நினைத்தது பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. காரைக்குடியில் சில பெரிய வீட்டுப் பெண்கள் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும்போது அப்படித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை என்றால் இடுப்பு. அக்காவின் இடுப்பு என்னையும் சுமந்த இடுப்பு. அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது என் திட்டம். (சபை வாயைப் பிளக்க வேண்டும் என்பதும்தான்.)

பெரிய வீட்டுச் சாமான்கள் விலைக்கு வரும் கடை ஒன்றுக்குப் போனேன். பீங்கான் ஜாடிகளுக்கும் கடிகாரங்களுக்கும் பின்னால் மூன்று வண்டிகள் இருந்தன. ஒன்று இரும்பில் செய்த நாலு சக்கர வண்டி. அதில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை இந்நேரம் பேரன் எடுத்திருக்கும். இன்னொன்று பிரம்பு வண்டி, அதற்கும் நாலு சக்கரம், உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மூன்றாவது, நீலத் துணியில் வெள்ளைக் கோடு போட்டு, அலுமினியக் குழாயில் செய்த மூன்று சக்கர வண்டி. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. முன் சக்கரம் நாம் நினைத்த பக்கமெல்லாம் திரும்பியது. பக்கவாட்டில் ஆங்கிலத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே என் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். “நாலு சக்கரத்த எடுத்துக்கத்தா. மூணு சக்கரம் நம்ம ஊருக்கு ஆகாது.”

“ஏண்ணே ஆகாது? நாலு கால் பெஞ்சி ஆடும். முக்காலி ஆடாது. பாத்திருக்கீகளா?”

“பாத்திருக்கேன்.”

“ஏன்னு யோசிச்சிருக்கீகளா?”

“அது எதுக்கு நான் யோசிக்கணும்?”

அவர் யோசிக்காததால் நான் யோசித்துக் காட்டினேன். கைப்பையில் சுண்ணாம்புக் கட்டி எப்போதும் இருக்கும். கடைத் தரையில் மூன்று புள்ளி வைத்தேன். எந்த மூன்று புள்ளியும் ஒரு தளத்தில் அமையும், நாலாவது புள்ளிதான் ஏறும் இறங்கும், அதனால்தான் நாலு கால் ஆடுகிறது என்று நிரூபித்தேன். கடைக்குச் சாமான் பார்க்க வந்த இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தரையை ஒரு முறை பார்த்தார்.

“ஆடாதுங்கறது சரித்தா. ஓடாதுன்னு யாரு சொன்னா?”

“ஓடத்தானேண்ணே வண்டி” என்றேன். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டதாக எண்ணினேன். ஒரு வெண்கல உருளியை வண்டியில் வைத்து, கடைக்குள்ளேயே ஒற்றை விரலால் தள்ளி, திருப்பி, நிறுத்திப் பார்த்தேன். தரை கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. பரிசோதனைக்குத் தோதான இடம் என்று அப்போது தோன்றியது.

வீட்டில் அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கோட்டையூரு பஸ்ஸ விட்டு எறங்கி, கோயில் வரைக்கும் இத வெறுமனயா தள்ளிக்கிட்டுப் போவ?”

எனக்குப் புரியவில்லை. அம்மா புரியவைத்தாள். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். புதுத் தொட்டில் கட்டினால், முதலில் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, துணி சுற்றி அதில் போட்டு ஆட்டுவார்கள். அதை எடுத்த பிறகுதான் பிள்ளை. கல்லைப் போலப் பிள்ளையும் நின்று வாழ வேண்டும் என்பதற்காக. தொட்டிலுக்கு உள்ள சட்டம் வண்டிக்கும் பொருந்தும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே ஒரு யோசனை வந்தது. குழவி கிட்டத்தட்ட பிள்ளையின் பாரம் இருக்கும். சபைக்கு முன்னால் பாரத்தோடு ஓட்டிக் காட்டினால் வண்டியின் பெருமை இன்னும் துலங்கும். “சரிம்மா, குழவி வரட்டும்” என்றேன். இப்படியாக அறிவியலும் ஐதீகமும் ஒரே கல்லில் ஒன்று சேர்ந்தன.

காது குத்து நாளன்று, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காளையார்கோவிலில் பஸ் ஏறினோம். அம்மா குழவிக்கு மஞ்சள் பூசி, சீருக்கு வாங்கிய சட்டையைப் போட்டு, குல்லாயும் மாட்டி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“தூங்குதா? புள்ளைக்கு வயசு என்னம்மா?”

“அது ஆச்சுப்பா, அறுபது வருசம்” என்றாள் அம்மா. “எங்க மாமியா கொண்டாந்தது.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். அந்த நேரத்திலாவது நான் யோசித்திருக்கலாம். துணி சுற்றிய அந்தக் கல் அடுத்தவர் கண்ணுக்குப் பிள்ளையாகத் தெரிகிறது என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? நானோ, சபையில் சொல்ல வேண்டிய விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கோட்டையூரில் இறங்கி வரிசை கட்டினோம். முன்னால் ஒரு நாயனம், ஒரு மேளம். பின்னால் தட்டுகளோடு பெண்கள். நடுவில் நான், நீல வண்டியோடு. வண்டிக்குள் மஞ்சள் பூசிய குழவி, குல்லாய் போட்டு, துண்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தது. சேது அண்ணன் அதிகாலையிலேயே வந்து கோயிலில் காது குத்தும் ஆசாரிக்கு வேண்டியதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதனால் வண்டிக்குள் கிடப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெரு பெரிய வீடுகளின் வாசலைத் தொட்டுக்கொண்டே போய், பிள்ளையார் கோயிலில் முடியும். கோயிலுக்கு எதிரே ஊருணி. தெரு முழுக்க அந்த ஊருணியைப் பார்த்துத்தான் சரிகிறது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் ஊருணிக்குள் போக வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் பார்த்து அமைத்த சரிவு. கணிதம் படித்தவள் நான். அந்தச் சரிவை நான் கவனிக்கவில்லை.

கோயிலுக்கு ஐம்பது அடி முன்னால் அக்காவின் மாமியாரும் உறவுக்காரர்களும் ஆலத்தித் தட்டோடு நின்றார்கள். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். பெரியப்பாவும் அப்பாவும் ஓரமாக நின்றார்கள். சபை கூடிவிட்டது. நான் வண்டியை நிறுத்தினேன்.

“ஆத்தாடி, இது என்ன வண்டி?” என்றாள் ஒருத்தி.

“மூணு சக்கரத்துல புள்ள கவுந்துறாதா?” என்றாள் இன்னொருத்தி.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரம் காத்திருந்தேன். “கவுழாதுங்க. இங்குட்டு வந்து பாருங்க” என்று தொடங்கினேன். முக்காலி, மூன்று புள்ளி, தளம் எல்லாம் சொன்னேன். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அது எனக்கு இன்னும் உற்சாகமாக இருந்தது.

“இதுல பிரேக்கும் இருக்கு. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு எல்லாம் எழுதியே ஒட்டியிருக்கான்” என்று குனிந்து, எச்சரிக்கைச் சீட்டை ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்தேன். கோட்டையூர்த் தெருவில் என் ஆங்கிலம் கணீரென்று ஒலித்தது. பிறகு நிமிர்ந்து, சபையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, வகுப்பில் செய்வதுபோலத் தமிழில் சொன்னேன்.

“சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தும்போது பிரேக் போட வேண்டும். எக்காரணம் கொண்டும் கைப்பிடியை விடக் கூடாது.”

மொழிபெயர்ப்பு முடிந்தபோது வண்டி என் பக்கத்தில் இல்லை.

அது போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல்தான் தொடங்கியது. பிறகு வேகம் எடுத்தது. முன் சக்கரம் ஒரு குழியைப் பார்த்து விலகி, இன்னொரு கல்லைப் பார்த்து வளைந்து, யாரோ ஓட்டுவதுபோல ஊருணியை நோக்கிப் போனது. ஆடவே இல்லை. நான் சொன்னதில் அது ஒன்று மட்டும் நடந்தது.

“பிரேக்! பிரேக்!” என்று கத்தினேன். (யாரைப் பார்த்து என்று இன்றுவரை கேட்கிறார்கள். வண்டியைப் பார்த்துத்தான்.)

ஊருணிக் கரை டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “ஐயோ, புள்ள! வண்டிக்குள்ள புள்ள!” என்று யாரோ அலறினார்கள். அதற்குப் பிறகு தெரு முழுக்க அலறல்தான். அக்கா இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “எம்புள்ள! எம்புள்ள!” என்று கதறினாள். மேளக்காரர் எதையும் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு, நல்ல நேரம் வந்துவிட்டது என்று கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்தார். வரிசையின் கடைசியில் நின்ற அம்மா ஏதோ கத்தியது அதில் அமுங்கிப்போனது.

கெட்டிமேளத்தோடு வண்டி ஊருணியின் முதல் படியில் மோதியது. உள்ளே இருந்தது எகிறி, குல்லாயோடு மூன்று படி உருண்டு, தண்ணீரில் விழுந்தது. வண்டியும் பின்னாலேயே போய்ச் சாய்ந்தது.

கோயில் வாசலிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி பாய்ந்து வந்தது. சேது அண்ணன். புது வேட்டி, புதுச் சட்டை, கையில் முதன்முதலாக வாங்கிய வாட்ச். எதையும் கழற்றவில்லை. படியில் கால் வைத்தாரா என்றுகூடத் தெரியவில்லை. அப்படியே குதித்தார். பின்னாலேயே டீக்கடைக்காரர், கையில் கிளாஸோடு.

அண்ணன் முங்கி எழுந்தார். கை வெறுமையாக இருந்தது. மறுபடி முங்கினார். வெறுங்கைதான். அவர் முகத்தை அப்போது பார்த்தேன். அந்த முகத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத என்னால் முடியாது. நான் வாயைத் திறந்து “அது கல்லு” என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வருஷக்கணக்கில் படித்து நான் சேர்த்துவைத்திருந்த எந்த வார்த்தையும் அந்த நேரத்தில் வரவில்லை.

மூன்றாம் முறை எழுந்தபோது அவர் நெஞ்சோடு அணைத்திருந்தார். குல்லாய் அப்படியே இருந்தது. படிக்கு வந்து, குல்லாயை விலக்கிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். மேளம் நின்றிருந்தது.

“கல்லுடா” என்றார் முதலில், தனக்குத்தானே. பிறகு கரையைப் பார்த்து, அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். “சித்தப்பா! கல்லுத்தான்! புள்ள இல்ல, கல்லுத்தான்!” சொல்லிவிட்டு அந்தக் குழவியை மறுபடியும் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா இடுப்பைப் பார்த்தாள். பிள்ளை அவளுடைய சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தது.

பெரியப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது இன்னும் கொடுமையாக இருந்தது. கடைசியில் அக்காவின் மாமியார்தான் ஆலத்தித் தட்டைக் கை மாற்றிக்கொண்டு வாயைத் திறந்தார்.

“சரி. மூத்த புள்ள முங்கிக் குளிச்சிருச்சு. எளையதக் கொண்டாங்க, காது குத்துவோம்.”

தெரு சிரித்த சிரிப்பில் கோயில் கோபுரத்துப் புறா பறந்தது. நான் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யார் மடி என்று கேட்க வேண்டிய நேரம். அப்பா எனக்காகப் பேசப் பக்கத்தில் வந்தார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

“அண்ணே, நீங்க உக்காருங்க.”

சொட்டச் சொட்ட அவர் உட்கார்ந்தார். ஈர மடி பட்டதும், ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே பிள்ளை வீறிட்டது. அன்று என் சீரில் சபை மெச்சியது பழத்தட்டைத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாட்சைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நீ ஏன்த்தா குதிக்கல?”

“உள்ள இருக்கது கல்லுன்னு எனக்குத் தெரியும்லண்ணே.”

“அது சரி. புள்ளயா இருந்திருந்தா?”

எனக்கு நீந்தத் தெரியாது. அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் என் வாழ்நாளில் விடை எழுதாமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணனின் வாட்ச் பத்தேகாலில் நின்றது, இன்னும் பத்தேகால்தான். விசேஷ வீட்டுக்கெல்லாம் அதைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார். யாராவது மணி கேட்டால் “டீச்சரம்மா வண்டி ஓட்டுன நேரம்” என்கிறார். எங்கள் சொந்தத்தில் எவள் பிள்ளையைப் போர்த்தித் தூக்கி வந்தாலும், “உள்ள இருக்கது புள்ளயா, கல்லா?” என்று கேட்காமல் யாரும் தொடுவதில்லை. அக்கா மகன் அந்த வேப்பமர நடைவண்டியைப் பிடித்துத்தான் நடந்தான். என் நீல வண்டி எங்கள் வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் சுமக்கிறது. தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் நாளைக்கு நாலு நடை. அதன் பிரேக் மிக நன்றாக வேலை செய்கிறது. அம்மாவுக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஒரு நாள்கூட அவள் பிரேக் போட மறந்ததில்லை.

இப்போது அக்காவுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்திருக்கிறது. வருகிற தை மாதம் காது குத்து.

போன இரண்டு கோடையும் நான் சேது அண்ணனின் வயல் கிணற்றில் கிடந்தேன். முதுகில் எண்ணெய்க் கேனைக் கட்டி என்னைத் தள்ளிவிட்டவர் அவர்தான். முதல் நாள், பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று அவருக்கு விளக்கிக்கொண்டே இறங்கினேன். வாயில் தண்ணீர் போனதும் விளக்கம் நின்றது. அதன் பிறகு கிணற்றில் நான் பேசியதே இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் கோடையில் அவர்களில் மூன்று பேர் உள்ளே இருந்தார்கள்.

இந்தச் சித்திரையில் ஒரு காலை, அம்மாவிடம் கேட்காமல் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண் முன்னால் அதைக் கிணற்றில் போட்டேன். ஆளுயரத் தண்ணீர். முதல் முங்கலில் கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாம் முங்கலில் நெஞ்சோடு அணைத்து எடுத்து, படியேறி வந்து, அவர் காலடியில் வைத்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றேன். ஒன்றும் விளக்கவில்லை.

அவர் குழவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வெரசாக் கொண்டு போய்க் கொடு ஆத்தா. ஒங்காத்தா மொளகா அரைக்க நிக்கிறா” என்றார். கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பாமலே சொன்னார். “பத்திரிகையில ஒம்பேரப் பாத்துப் போடச் சொல்லு. தப்பா அடிச்சுருவான்.”

காரைக்குடி அச்சகத்திலிருந்து நேற்று அழைப்பிதழின் மெய்ப்பு வந்தது. ‘தாய்மாமன்’ என்ற இடத்துக்கு நேராக என் பெயர், பட்டத்தோடு. இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினேன். அடியில் ‘அச்சிடலாம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்று காலை பள்ளிக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டேன்.